அடுத்த பாட்டை யார் சொல்வது?

கைப்பேசியில் ஒரு பாட்டு முடிகிறது. நாம் எதையும் தொடவில்லை. அடுத்த பாட்டு தானாகவே தொடங்கிவிடுகிறது. பேருந்திலும் விடுதி அறையிலும் நம்மில் பலர் இப்படித்தான் பாட்டுக் கேட்கிறோம். அந்த அடுத்த பாட்டைத் தேர்ந்தெடுத்தது யார் என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா?

தேர்ந்தெடுத்தது ஒரு கணினி நிரல். அது வேலை செய்யும் முறை எளிதானது. நீங்கள் கேட்ட பாட்டை வேறு யார் யார் கேட்டார்கள், அவர்கள் அடுத்து எதைக் கேட்டார்கள் என்று பார்க்கிறது. பலர் போன வழியில் உங்களையும் அனுப்புகிறது. ஆகவே, ஏற்கெனவே பலர் கேட்ட பாட்டு இன்னும் பலரிடம் போகிறது. நேற்று வெளிவந்து 30 பேர் மட்டுமே கேட்ட பாட்டுக்கு அந்த வழியே கிடையாது. அதைப் பற்றிச் சொல்ல நிரலிடம் போதிய தகவல் இல்லை.

தமிழ்ப் பாட்டில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. தமிழில் ஒரு பாட்டைத் தட்டினால் வரிசையாக வருபவை பெரும்பாலும் திரைப்பாடல்கள். எனக்கும் திரைப்பாடல் பிடிக்கும். அதைக் குறை சொல்ல இந்தக் கட்டுரை வரவில்லை. ஆனால் ஒரு மொழியில் பாட்டு என்றாலே சினிமா என்று ஆகிவிட்டால், கதாநாயகனுக்கும் கதாநாயகிக்கும் தேவையான உணர்வுகள் மட்டுமே பாட்டாகும். எஸ்பிஎம் முடிவுக்குக் காத்திருக்கும் இரவு, தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்குக் குடிபோகும் குடும்பம், வேலை தேடி அலையும் அண்ணன், இவையெல்லாம் யார் பாட்டில் வரும்?

நிரலுக்கு முன்பே இன்னொரு வழி இருந்தது. இன்றும் இருக்கிறது. இசைக் கலைஞர் ஒருவர் "இவரைக் கேளுங்கள்" என்று இன்னொரு கலைஞரைக் கைகாட்டுவதே அந்த வழி.

ஒரு சட்டை, ஒரு மேடை, ஒரு காணொளி

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் டேனியல் ஜான்ஸ்டன் என்றொருவர் இருந்தார். வீட்டிலேயே மலிவான ஒலிப்பதிவுக் கருவியில் பாடிப் பதிவு செய்து, அந்த நாடாக்களைத் தெருவில் பார்க்கிறவர்களிடம் கொடுத்து வந்தார். 1983இல் அவர் பதிவு செய்த 'ஹாய், ஹவ் ஆர் யூ' என்ற நாடாவின் அட்டையில் ஒரு தவளை போன்ற படம் இருக்கும். 1992இல் எம்டிவி விருது விழாவுக்கு நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் அந்தப் படம் போட்ட சட்டையை அணிந்து வந்தார். அவர் அப்போது உலகப் புகழின் உச்சியில் இருந்தார். 'யார் இந்த ஜான்ஸ்டன்?' என்று பலரும் தேடத் தொடங்கினார்கள். 1994இல் ஒரு பெரிய இசை நிறுவனம் ஜான்ஸ்டனின் தொகுப்பை வெளியிட்டது.

அதே கோபேன் 1993 நவம்பரில் எம்டிவியின் 'அன்பிளக்ட்' நிகழ்ச்சியில், தம் குழுவின் புகழ்பெற்ற பாட்டுகளை மட்டும் பாடிவிட்டுப் போகவில்லை. மீட் பப்பட்ஸ் என்ற அதிகம் அறியப்படாத குழுவின் உறுப்பினர்களை மேடைக்கே அழைத்து, அவர்களுடைய 3 பாட்டுகளைப் பாடினார். பல ஆண்டுகளாகப் பாடிக்கொண்டிருந்த அந்தக் குழுவை உலகம் அதற்குப் பிறகே திரும்பிப் பார்த்தது.

நம் நாட்டிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. சரவாக்கின் மீரியைச் சேர்ந்த சீ ஆவி, 2007இல் தம் பாட்டுகளைக் காணொளியாக யூடியூப்பில் ஏற்றினார். தம் நிகழ்ச்சிக்கு வர முடியாத ஒரு நண்பருக்காகத்தான் முதலில் அப்படிச் செய்தார். அமெரிக்காவின் ராக்கன்டர்ஸ் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் பேட்ரிக் கீலர் அதைப் பார்த்தார். தம் மேலாளரிடம் சொன்னார். 2009இல் சீ ஆவியின் முதல் தொகுப்பு அமெரிக்காவில் வெளியானது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கீலர் எண்ணவில்லை. பாட்டு நன்றாக இருக்கிறது என்பதை அவர் காது சொன்னது. வாசிக்கத் தெரிந்தவருக்கும் நிரலுக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

விடுதி அறையில் கித்தார் பழகிக்கொண்டிருக்கும் எனக்குப் பல பெயர்கள் இந்த வழியில்தான் கிடைத்தன. ஒருவரைக் கேட்டால், அவர் யாருடன் வாசித்தார், யாருடைய பாட்டுக்குக் குரல் கொடுத்தார் என்று தேடுவேன். ஒரு பெயர் இன்னொரு பெயருக்குக் கூட்டிப்போகும். அப்படிச் சேர்ந்த பட்டியலில் சிலரை இங்கே அறிமுகம் செய்கிறேன். இவர்களில் சிலரை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கலாம். அவர்களைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போவதே நோக்கம்.

நம் வீட்டு வாசலிலிருந்தே

'இண்டி' என்ற சொல்லைக் கேட்டால் ஏதோ மேல்நாட்டுச் சமாசாரம் போலத் தோன்றும். சுயாதீன இசை என்று தமிழில் சொல்கிறோம். படத்துக்காகவோ பெரிய நிறுவனத்தின் கட்டளைக்காகவோ இல்லாமல், கலைஞர்கள் தாங்களே எழுதி, தங்கள் செலவில் பதிவு செய்து, தாங்களே மக்களிடம் கொண்டுபோகும் இசை. அப்படிப் பார்த்தால் மலேசியத் தோட்டங்களில் வளர்ந்த நம் எல்லாருக்கும் முதலில் அறிமுகமான சுயாதீன இசைக்குழு உறுமி மேளக் குழுதான். கோவில் திருவிழாவுக்கு முன்பே ஊர் இளைஞர்கள் பணம் போட்டு உறுமியும் பம்பையும் வாங்குவார்கள். ஒரே நிறத்தில் சட்டை அடித்துக்கொள்வார்கள். மாலை வேலை முடிந்ததும் பயிற்சி. பழைய மெட்டில் தங்கள் ஊர் முனியாண்டிக்குப் புதிய வரிகளை எழுதுவார்கள். கற்றுக்கொடுக்க இசைப்பள்ளி கிடையாது; அண்ணன்மார் வாசிப்பதைப் பார்த்துத் தம்பிமார் கற்றுக்கொள்வார்கள். உலகில் எந்த ஊர் இண்டி குழுவும் இதைவிடச் சுயாதீனமாக இயங்குவதில்லை.

நகரத்துப் பக்கம் வந்தால், பினாங்கில் தோன்றிய அல்லேகேட்ஸ் குழுவை நம் பெற்றோர் நன்கு அறிவார்கள். டேவிட் ஆறுமுகமும் அவருடைய தம்பி லோகநாதனும் மலாய்ப் பாட்டுகளால் நாடு முழுதும் எல்லா இனத்தாரின் வீட்டுக்குள்ளும் நுழைந்தார்கள். 2007இல் லோகநாதன் மறைந்தபோது வருந்தியவர்கள் தமிழர்கள் மட்டும் அல்லர்.

அடுத்த தலைமுறையில் பொயட்டிக் அம்மோ என்ற ஹிப்ஹாப் குழு வந்தது. 1998இல் வெளிவந்த அவர்களின் முதல் தொகுப்பில் ஆங்கிலம், மலாய், தமிழ், காண்டனீஸ் என்று நம் நாட்டுத் தெருவில் கேட்கும் மொழிகள் எல்லாம் இருந்தன. அந்தக் குழுவின் யோகி பி, பிறகு டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோரைச் சேர்த்துக்கொண்டு 'யோகி பி & நட்சத்ரா' என்ற பெயரில் 2006இல் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டார். இளையராஜாவின் 'மடை திறந்து' பாட்டை அவர்கள் புது வடிவில் தந்தது தமிழ்நாடு வரை எட்டியது. 2007இல் 'பொல்லாதவன்' படத்தில் யோகி பியின் குரல் ஒலித்தது. தமிழ் ராப் சென்னையில் பெருகுவதற்கு முன்பே கோலாலம்பூரில் வளர்ந்துவிட்டது என்பது நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூடிய செய்தி.

யோகி பியோடு நிறுத்திவிடாதீர்கள். சைக்கோமந்த்ரா, ரேபிட் மேக், ஷீசே என்று தேடிப் பாருங்கள். 2016இல் வந்த 'கபாலி' படத்தில் ராப் பாடிய ரோஷன் ஜாம்ராக்கும் நம் நாட்டுக்காரர்தான். இவர்கள் பாடும் தமிழைக் கவனியுங்கள். மலாய்ச் சொல் தானாக வந்து விழும். நாம் கடைத்தெருவில் பேசும் அதே பேச்சு. எழுத்துத் தமிழில் எழுதினால்தான் பாட்டு என்று நினைத்துத் தயங்கும் மாணவர்களுக்கு இது ஒரு நல்ல பாடம்.

சென்னையின் மறுபக்கம்

திரையிசையின் தலைநகரமான சென்னையிலும் திரைக்கு வெளியே ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. அங்கே நான் முதலில் கைகாட்ட விரும்புபவர் டென்மா. கித்தார் வாசிப்பவர், இசையமைப்பாளர், மற்ற கலைஞர்களைத் தேடிச் சேர்ப்பவர். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையத்துடன் சேர்ந்து இவர் உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, 2018 ஜனவரி 6ஆம் நாள் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறியது. 19 பேர் கொண்ட குழு. சாதியற்ற தமிழர் என்ற பண்டிதர் அயோத்திதாசரின் சிந்தனையிலிருந்து பெயர் வந்தது. வட சென்னையின் கானாவும் ராக்கும் ராப்பும் அங்கே ஒரே மேடையில் சேர்ந்தன.

அந்தக் குழுவில் பாடிய இசைவாணியைத் தனியாகக் கேளுங்கள். கானா என்றாலே ஆண்கள் பாடுவது என்றிருந்த இடத்தில் நின்று பாடியவர். 2020இல் பிபிசி வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. அதே 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' என்ற விழாவும் தொடங்கியது. மார்கழி என்றால் சபாக்களில் கர்நாடகக் கச்சேரி என்பது சென்னையின் வழக்கம். அதே மாதத்தில் பறை, கானா, நாட்டுப்புறப் பாட்டு, ராப் ஆகியவற்றுக்கும் மேடை வேண்டும் என்று கேட்டு அமைத்த விழா அது. அதில் பாடியவர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டாலே உங்களுக்குப் பல மாதங்களுக்குக் கேட்கப் பாட்டு கிடைக்கும்.

டென்மாவிடமிருந்து அடுத்த பெயர் கபேர் வாசுகி. கித்தாருடன் அமர்ந்து கதை சொல்வது போலப் பாடுகிறவர். இருவரும் சேர்ந்து இயங்கிய குழுவின் பெயர் 'குரங்கன்'. கபேர் வாசுகியின் பாட்டில் பெரிய வாத்தியக் கூட்டம் இருக்காது, வரிகள்தாம் நடத்திப்போகும். கித்தாரில் நான்கு சுருதிக்கூட்டு மட்டும் தெரிந்தவர்கள்கூட அவர் பாட்டை வாசித்துப் பழகலாம். எனக்கு அப்படித்தான் கை திருந்தியது.

'லா பொங்கல்' என்ற குழுவையும் கேளுங்கள். நாட்டுப்புற மெட்டை ராக் இசையோடு கலந்து பாடியவர்கள். அதில் தாளம் வாசித்த தர்புகா சிவா பின்னாளில் திரைப்பட இசையமைப்பாளர் ஆனார். 'மறுவார்த்தை பேசாதே' பாட்டு 2017இல் வெளியானபோது இசையமைப்பாளர் பெயரை மறைத்து வைத்திருந்தார்கள். அது இவர்தான் என்று பிறகே தெரிந்தது. அக்குழுவில் பாடிய பிரதீப் குமாரின் குரல் 'கபாலி'யின் 'மாயநதி' வழியாக நம் எல்லாருக்கும் தெரியும். ஷான் ரோல்டனும் இப்படித்தான். 'ஷான் ரோல்டன் அண்ட் ஃபிரெண்ட்ஸ்' என்ற சுயாதீனக் குழுவை நடத்தியவர், 'ஜோக்கர்' (2016), 'ஜெய் பீம்' (2021) படங்களுக்கு இசையமைத்தார். 'ஊர்கா' குழுவின் பரத் சங்கர் 'மண்டேலா' (2021) படத்தின் இசையமைப்பாளர்.

இந்தப் பெயர்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். திரையிசை புதிய ஒலியைத் தேடும்போதெல்லாம் சுயாதீன மேடைக்குத்தான் வருகிறது. இன்று 50 பேர் முன்னால் பாடுகிறவரை நாம் கேட்டால், சில ஆண்டுகள் கழித்துத் திரையரங்கில் ஒலிக்கப்போவதை இப்போதே கேட்கிறோம்.

தோட்டத்துப் பாட்டியின் கதை

'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். 2021 மார்ச்சில் வெளியாகி, யூடியூப்பில் 40 கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்டது. தீயும் அறிவும் பாடினார்கள். சந்தோஷ் நாராயணன் இசை. படப்பாட்டு அன்று. அப்படியானால் இதை ஏன் 'அதிகம் அறியப்படாத' பட்டியலில் சேர்க்கிறேன்? பாட்டைத் தெரிந்த அளவுக்கு அதன் பின்னால் உள்ள கதையை நாம் தெரிந்துகொள்ளவில்லை.

அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். 1964 அக்டோபரில் இந்தியாவும் இலங்கையும் செய்த உடன்படிக்கைப்படி, மலையகத் தமிழர்களில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்க வேண்டும், 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தர வேண்டும் என்று முடிவானது. தேயிலைச் செடிகளுக்கு இடையே பிறந்து வளர்ந்தவர்கள், தாங்கள் பார்த்தேயிராத 'சொந்த ஊருக்கு'க் கப்பல் ஏறினார்கள். உழைத்த மண்ணில் ஒரு பிடிகூடத் தங்கள் பெயரில் இல்லாத மக்களின் வரலாறு அந்தப் பாட்டில் இருக்கிறது.

இது நமக்கு அந்நியமான கதையா? அதே காலத்தில், அதே தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து வேறு கப்பலில் ஏறியவர்கள்தாம் நம் கொள்ளுப்பாட்டன்மார். அவர்கள் தேயிலைக்குப் போனார்கள், நம்மவர்கள் ரப்பருக்கு வந்தார்கள். தோட்டம் துண்டாடப்பட்டபோது காலங்காலமாக இருந்த வீட்டைக் காலி செய்த குடும்பங்கள் நெகிரி செம்பிலானிலும் சிலாங்கூரிலும் எத்தனையோ உண்டு.

அந்தப் பாட்டில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் அறிவு இல்லை. எழுதிப் பாடியவரை விட்டது ஏன் என்று பா. ரஞ்சித் உட்படப் பலர் கேட்ட பிறகு, அறிவின் படத்துடன் இன்னோர் இணைய அட்டையை அவ்விதழ் வெளியிட்டது. 2024இல், அத்தனை கோடிப் பேர் கேட்ட அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானம் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். உலகம் முழுதும் ஒலித்த ஒரு பாட்டுக்கே பெயரும் பணமும் இந்தப் பாடு என்றால், சிரம்பானில் ஓர் அறையில் பதிவு செய்யும் தம்பியின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

கடல் கடந்த தமிழ்க் குரல்கள்

தமிழ்ப்பள்ளியில் 6 ஆண்டு, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி, இப்போது ஆங்கிலத்தில் விரிவுரை. நம்மில் பலரின் தலைக்குள் இரண்டு மூன்று மொழிகள் ஒன்றாக ஓடுகின்றன. வேறு நாடுகளில் வளர்ந்த தமிழர்களும் அப்படித்தான். அவர்கள் அதை எப்படிப் பாட்டாக்கியிருக்கிறார்கள் என்று கேட்பது நமக்குப் பெரிய உதவி.

பிரியா ரகு, சுவிட்சர்லாந்தில் வளர்ந்த ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பெண். சிறு வயதில் குடும்ப இசைக்குழுவில் தமிழ்ப் பாட்டுகள் பாடியவர். அண்ணன் 'ஜாஃப்னா கோல்ட்' என்ற பெயரில் இசையமைக்க, 2021இல் 'டேம்ஷீஸ்டமில்' என்ற தொகுப்பையும் 2023இல் 'சந்தோசம்' என்ற தொகுப்பையும் வெளியிட்டார். ஆங்கிலப் பாட்டுக்கு நடுவே தமிழும் நம் ஊர்த் தாளமும் கூச்சம் இல்லாமல் வந்து நிற்கும்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர் ஷான் வின்சென்ட் டி பால். யான்சன் மிருதங்கம் வாசிக்க இவர் ராப் பாடும் 'மிருதங்கம் ராப்ஸ்' காணொளிகளைத் தேடிப் பாருங்கள். மிருதங்கச் சொல்லும் ராப்பின் சொல்வேகமும் ஒன்றோடொன்று போட்டி போடும். மிருதங்க வகுப்புக்கு அம்மாவின் கட்டாயத்தில் போகும் தம்பி தங்கைகளுக்கு இதைக் காட்டுங்கள். அடுத்த வகுப்புக்கு அவர்களே கிளம்பிவிடுவார்கள்.

இன்னும் அமைதியாக வேண்டும் என்றால் கானவ்யா. நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். 2024இல் வெளிவந்த அவருடைய 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்' தொகுப்பில் பக்தி இசையும் ஜாஸும் கலந்திருக்கும். தேர்வுக்குப் படிக்கும் இரவில் நான் கேட்பது இதைத்தான். இவருக்கெல்லாம் முன்னோடியாகச் சுசீலா ராமனைச் சொல்லலாம். லண்டனில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த தமிழர். இவருடைய முதல் தொகுப்பான 'சால்ட் ரெய்ன்' 2001இல் பிரிட்டனின் மெர்குரி பரிசுப் பட்டியலில் இடம்பெற்றது. பின்னர் 2011இல் 'வேல்' என்ற தொகுப்பைத் தந்தார். தைப்பூசக் காவடியோடு வளர்ந்த நம் காதுக்கு அது உடனே பழகிவிடும்.

ஆயிரம் முறை கேட்டால்தான் காசு

கேட்பது மட்டும் போதுமா? பணம் எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்வோம். ஸ்பாட்டிஃபை 2013இல் மலேசியாவுக்கு வந்தது. நாம் கட்டும் மாதச் சந்தா நாம் கேட்ட கலைஞருக்கு நேராகப் போவதில்லை. வருமானம் எல்லாம் ஒரு பொதுத் தொகையாகச் சேர்கிறது. மொத்தமாகக் கேட்கப்பட்ட எண்ணிக்கையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று கணக்கிட்டுப் பிரிக்கப்படுகிறது. மாதம் முழுதும் நீங்கள் ஒரு சிறிய குழுவை மட்டுமே கேட்டாலும், உங்கள் வெள்ளியில் பெரும்பகுதி உலகப் புகழ்பெற்றவர்களின் பக்கம்தான் போகும்.

2024 முதல் இன்னொரு விதியும் சேர்ந்தது. முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்குப் பதிவு உரிமைத்தொகை கிடையாது. உலகப் பாடகருக்கு ஆயிரம் என்பது சில நொடிகள். நம் ஊர்ப் பாடகருக்கு அது ஓர் ஆண்டு உழைப்பு. ஒரு பள்ளியில் 100 மாணவர்கள், ஆளுக்கு 10 முறை ஒரு பாட்டைக் கேட்டால் அந்த எல்லை தாண்டிவிடும். நம் கையில் பணம் இல்லை. ஆனால் இந்த எண்ணிக்கை இருக்கிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

முதலாவது, பாட்டுடன் வரும் பெயர்ப் பட்டியலைப் படியுங்கள். யார் எழுதியது, யார் கித்தார், யார் கலவை செய்தது? அதில் ஒரு பெயரைத் தட்டினால் அடுத்த கலைஞர் கிடைப்பார். நிரலை நம்பாமல் பாட்டுத் தேட இதைவிட நல்ல வழி இல்லை.

இரண்டாவது, பாட்டைப் பகிரும்போது வெறும் இணைப்பை அனுப்பாதீர்கள். "இரண்டாவது நிமிடத்தில் வரும் உறுமியைக் கேள்" என்று ஒரே ஒரு காரணத்தோடு அனுப்புங்கள். காரணத்தோடு வரும் பாட்டைத்தான் நண்பர்கள் திறந்து பார்க்கிறார்கள்.

மூன்றாவது, மின்னல் எஃப்எம், ராகா போன்ற நம் வானொலிகளில் உள்ளூர்ப் பாட்டுகளுக்கு நேரம் உண்டு. நேயர் விருப்பத்தில் உள்ளூர்ப் பாட்டைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்பவர் இருந்தால்தான் நேரம் கூடும்.

நான்காவது, பள்ளியிலோ பல்கலைக்கழகத்திலோ கலைநிகழ்ச்சி வைக்கும்போது, திரைப்பாடலுக்கு ஆடும் அங்கங்களுக்கு நடுவே சொந்தப் பாட்டுக்கு ஓர் அங்கமாவது ஒதுக்குங்கள். வெளியிலிருந்து உள்ளூர்க் கலைஞரை அழைத்தால் ஏதாவது ஒரு தொகை கொடுங்கள். 'மேடை கிடைத்ததே உங்களுக்கு விளம்பரம்' என்று சொல்லி இலவசமாகப் பாட வைக்கும் பழக்கத்தை நம் தலைமுறையாவது நிறுத்தட்டும். பந்தல்காரருக்கும் சாப்பாட்டுக்காரருக்கும் நாம் அப்படிச் சொல்வதில்லையே.

ஐந்தாவது, நீங்களே பாட்டு எழுதுகிறவராக இருந்தால் முதல் நாளிலிருந்தே பதிவு வைத்திருங்கள். 1987ஆம் ஆண்டின் மலேசியப் பதிப்புரிமைச் சட்டம், படைப்பு எழுத்திலோ ஒலிப்பதிவிலோ வடிவம் பெற்றதுமே உரிமையைத் தருகிறது. மைஐபிஓ எனப்படும் அறிவுசார் சொத்துக் கழகத்தில் விருப்பத்தின் பேரில் அறிவிப்புச் செய்து சான்று பெறவும் முடியும். பாட்டை எழுதியவர்களின் உரிமைத்தொகையை வசூலித்துத் தர எம்ஏசிபி என்ற அமைப்பு இருக்கிறது. நண்பர்கள் மூவர் சேர்ந்து ஒரு பாட்டைச் செய்தால், வரி யாருடையது, மெட்டு யாருடையது, வருமானம் வந்தால் எப்படிப் பிரிப்பது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நட்பு கெடும் என்று பயப்பட வேண்டாம். எழுதாமல் விட்ட இடத்தில்தான் நட்பு கெடுகிறது.

எங்கள் ஊருக்கும் ஒரு பாட்டு

நான் புக்கிட் பெலண்டோக்கைச் சேர்ந்த பிள்ளை. பல்கலைக்கழகத்தில் ஊர்ப் பெயரைச் சொன்னால் பலருக்கு உடனே நினைவுக்கு வருவது 1999ஆம் ஆண்டின் நிப்பா கிருமிதான். அருகிலுள்ள சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரையே அந்தக் கிருமிக்கு வைத்தார்கள். நாட்டில் 265 பேர் நோயுற்றார்கள், 105 பேர் இறந்தார்கள், 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. மருத்துவ நூல்களில் எங்கள் ஊர் அப்படித்தான் பதிந்திருக்கிறது. நான் அப்போது பிறக்கவில்லை. பெரியவர்கள் சொல்லித்தான் தெரியும்: ஆள் அரவமற்ற சாலைகள், பூட்டிய வீடுகள், முகமூடி போட்ட ராணுவத்தினர்.

ஆனால் எங்கள் ஊர் அது மட்டும் அன்று. தானா மேரா, சுவா பெத்தோங், லின்சம் என்று சுற்றுவட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் ரப்பர் மரம் சீவப் போன பெண்கள் இருக்கிறார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்த கதை இருக்கிறது. ஆடித் திருவிழாவுக்கு மட்டும் கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் திரும்பி வரும் பழைய தோட்டத்துக் குடும்பங்கள் இருக்கின்றன. மருத்துவ நூலில் இதெல்லாம் இருக்காது. சென்னையில் படம் எடுப்பவரும் இதை எழுதப்போவதில்லை. அது அவர் வேலையும் அன்று. இங்கே வளர்ந்த யாராவது எழுதினால்தான் உண்டு.

தன் பாட்டியிடம் கேட்ட கதையைத்தான் அறிவு பாட்டாக்கினார். நம் வீட்டிலும் பாட்டி இருக்கிறார். பாட்டிக்கு 80 வயது என்றால், அந்தக் கதையைக் கேட்க நமக்கு இன்னும் எத்தனை ஆண்டு இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவு வசதி இருக்கிறது. இந்த விடுமுறையில் ஒரு மாலை போதும்.

பாட்டு எழுத வராதவர்களுக்கும் வேலை இருக்கிறது. இந்தக் கட்டுரையில் உள்ள பெயர்களில் ஐந்தை எடுத்து, ஒவ்வொருவரிடமும் ஒரு பாட்டைக் கேளுங்கள். பிடித்ததை வைத்துக்கொண்டு, பிடிக்காததை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் உங்கள் வட்டாரக் கலைஞர் ஒருவரின் பெயரைச் சேருங்கள். உறுமி மேளக் குழுவாக இருந்தாலும் சரி. பிறகு அந்தப் பட்டியலை வகுப்பு நண்பர் ஒருவரிடம் கொடுங்கள். அவர் அதில் இன்னொரு பெயரைச் சேர்க்கட்டும்.